கம்பியில் ஓடுவதைப் படிக்கலாம்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை ஓர் ஆசிரியரின் நினைவாக ஏற்பட்டது. எனவே, கற்றுக்கொள்வதைப் பற்றியே பேசுவதுதான் முறை என்று எண்ணினேன். கணினி வலையமைப்பை எப்படிக் கற்பது, அதில் ஓடும் பாக்கெட்டுகளை எப்படிப் படிப்பது என்பதே இன்றைய பொருள். எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலையமைப்பைப் படத்தைப் பார்த்துப் படிக்க முடியாது. ஓடுகிற பாக்கெட்டைப் பிடித்துவைத்து, அதன் விதியை எழுதிய ஆவணத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, பைட் பைட்டாகப் படித்தால்தான் பிடிபடும்.

நம் பொறியியல் மாணவரிடம் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளைக் கேட்டுப் பாருங்கள். தூக்கத்திலும் ஒப்பிப்பார். உன் மடிக்கணினி இந்த நிமிடம் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் விழிப்பார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். நாம் கற்றுக்கொடுத்தது படத்தை. ஐஎஸ்ஓ நிறுவனம் அந்த ஏழு அடுக்கு மாதிரியைத் தரநிலையாக வெளியிட்டது 1984இல். அதற்கு முந்தைய ஆண்டே, 1983 ஜனவரி 1ஆம் தேதி, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் டிசிபி/ஐபி நெறிமுறைகளுக்கு மாறிவிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் இணையம் அந்த ஏழு கட்டங்களைப் பார்த்துக் கட்டப்பட்டதே இல்லை. பிறகு ஏன் பாக்கெட்டுகள் கட்டத்துக்குள் அடங்க மறுக்கின்றன என்று மாணவர் குழம்புவது இயல்புதானே?

மிகச் சிறிய ஒன்றிலிருந்து தொடங்குவோம். லினக்ஸ் இருக்கும் கணினியில் 'பிங்' கட்டளையை எல்லோருமே கொடுத்துப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய நிரல் அது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பதில் வந்ததும் சாளரத்தை மூடிவிடுவோம். முதல் வரியில் 56 என்றும் அடைப்புக்குள் 84 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். அவை என்ன என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. அங்கேதான் நிற்க வேண்டும் என்கிறேன்.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்துகொண்டு ஒரே ஒரு பிங் அனுப்புங்கள். ஈதர்நெட்டின் 14 பைட்டுகளைத் தாண்டினால் ஐபி தலைப்பகுதி வரும். அதன் முதல் பைட், பதினாறடிமானத்தில், 45. இதில் 4 என்பது ஐபியின் பதிப்பு எண். 5 என்பது தலைப்பகுதியின் நீளம். நான்கு நான்கு பைட்டாக எண்ணினால் ஐந்து, ஆக 20 பைட். ஒரே பைட்டைப் பாதியாகப் பிரித்து இரண்டு செய்திகளை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது பைட்டுகள் 00 54. பதினாறடிமானத்தில் 54 என்றால் நம் கணக்கில் 84. திரையில் அடைப்புக்குள் பார்த்தோமே, அந்த 84 இதுதான். 56 பைட் தரவு, அதற்கு முன்னால் பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையின் தலைப்பகுதி 8 பைட், அதற்கும் முன்னால் ஐபி தலைப்பகுதி 20 பைட். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பதில் வரும்போது 64 பைட் வந்தது என்று சொல்லும். அதில் ஐபியின் 20ஐ அது கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மாணவி இந்தக் கூட்டலைத் தானே போட்டுப் பார்த்த பிறகு, ஒன்றுக்குள் ஒன்றாகத் தரவு பொதியப்படுவதைப் பற்றி அவளுக்கு நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒன்பதாவது பைட்டில் 40 இருக்கும், அதாவது 64. பாக்கெட்டின் ஆயுள் அது. வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு செய்தி சொல்லும். பாதைகள் தவறிப்போய் வட்டமடிக்கத் தொடங்கினால் பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. வலையமைப்பு ஆய்வாளர் ஸ்டீவ் டீரிங் ஒரு யோசனை சொல்ல, வான் ஜேக்கப்சன் இந்த ஏற்பாட்டை வேறு வேலைக்குத் திருப்பினார். ஆயுளை வேண்டுமென்றே 1 என்று வைத்து அனுப்பினால் முதல் ரவுட்டர் "செத்துவிட்டது" என்று சொல்லித் தன் முகவரியைக் காட்டிக்கொடுக்கும். 2 என்று வைத்தால் இரண்டாவது ரவுட்டர். இப்படி வழி முழுவதையும் வெளிக்கொண்டு வருவதுதான் டிரேஸ்ரூட். விதியைப் படித்தவர் கையில் விதி தரும் கருவி இது. இதைவிட அழகான பாடம் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த பைட் 01. உள்ளே இருப்பது ஐசிஎம்பி என்று பொருள். டிசிபி என்றால் 6, யுடிபி என்றால் 17. அதற்கடுத்த இரண்டு பைட்டுகள் சரிபார்ப்புத் தொகை. அந்த 20 பைட்டையும் இரண்டிரண்டாகப் பத்து எண்களாக்கி, மிச்சம் வழிவதை மீண்டும் கடைசியில் கூட்டிக்கொண்டே போனால், பிழை இல்லாதபோது எல்லா பிட்டும் 1 ஆக வரும். கையாலேயே போடலாம். ரவுட்டர் ஆயுளில் ஒன்றைக் கழிக்கும்போது தொகையும் மாறும் இல்லையா? ஆயுள் பைட் தன் இணையில் மேல்பக்கம் இருப்பதால் அந்த எண் 256 குறையும். ஆகவே தொகையில் 256ஐக் கூட்டினால் போதும், முழுக்கணக்கையும் மறுபடி போட வேண்டாம். ஐபி ஆறாம் பதிப்பில் தலைப்பகுதிக்கு இந்தத் தொகையே கிடையாது. கீழே இணைப்பும் சரிபார்க்கிறது, மேலே டிசிபியும் சரிபார்க்கிறது. நடுவில் ஒவ்வொரு ரவுட்டரும் மெனக்கெட வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.

இந்த விதிகளெல்லாம் எங்கே இருக்கின்றன? ஆர்எஃப்சி என்னும் ஆவண வரிசையில். 1969 ஏப்ரல் 7ஆம் தேதி முதல் ஆவணத்தை எழுதிய ஸ்டீவ் க்ராக்கர் அப்போது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் முதுநிலை மாணவர். அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அந்த இளைஞர்களுக்கே தெளிவில்லாத காலம். அதனால் "கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் பணிவான தலைப்பில் எழுதினார்கள். ஜான் போஸ்டல் அந்த வரிசையை 1998இல் தாம் இறக்கும்வரை தொகுத்துப் பாதுகாத்தார். ஐபியை வரையறுத்த 791ஆம் ஆவணமும், டிசிபியை வரையறுத்த 793ஆம் ஆவணமும் 1981 செப்டம்பரில் வந்தவை. 793க்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் 9293 வந்திருக்கிறது. ஒன்றுக்கும் காசு கிடையாது. உறுப்பினர் அட்டை கேட்பதில்லை. உலகத்தையே தாங்கி நிற்கும் ஒரு பொறியமைப்பின் மூல வரைபடம் ஒரு கிராமத்துப் பள்ளி மாணவனுக்கும் இவ்வளவு திறந்து கிடப்பது வேறு எந்தத் துறையில் உண்டு? இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. பாடநூலின் சுருக்கத்தோடு நிற்பவரைப் பார்த்தால் அதே அளவுக்கு வருத்தமும் உண்டு.

ஆவணத்தைப் படிக்கும்போது 'ஏன்' என்ற கேள்வி எழும். பாக்கெட் தொலைந்தால் ரவுட்டர் ஏன் கவலைப்படுவதில்லை? தொலைந்ததை மறுபடி அனுப்பும் பொறுப்பு ஏன் இரண்டு முனைகளிலும் உள்ள கணினிகளுக்கு? பிரான்சில் லூயி பூசான் நடத்திய சிக்லாட் வலையமைப்பு அந்தப் பொறுப்பை முனைகளிடம் விட்டது. விண்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974 மேயில் வெளியிட்ட கட்டுரையும் அதே வழியில் நடந்தது. அதற்கான காரணத்தைத் தெளிவாக எழுதியவர்கள் எம்ஐடியின் சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும், 1984இல். அவர்கள் தரும் ஓர் உதாரணம் மறக்க முடியாதது. எம்ஐடியில் பல வலையமைப்புகளை இணைத்த கணினிகளுள் ஒன்றில் ஒரு கோளாறு. உள்ளே வந்த தரவை வெளியே போகும் இடத்துக்குப் படியெடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட்டுகள் இடம் மாறிவிடும். ஒவ்வொரு கம்பியிலும் பிழை சரிபார்க்கப்பட்டது. கம்பியில் பிழையே இல்லை. பிழை நடந்தது கணினியின் நினைவகத்துக்குள். ஓர் இயங்குதளத்தின் மூல நிரல் கோப்புகள் அதன் வழியே திரும்பத் திரும்பப் போய்வந்து கெட்டுப்போயின. உரியவர்கள் பழைய காகிதப் பிரதிகளை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. நடுவில் எத்தனை காவல் போட்டாலும் கடைசிச் சரிபார்ப்பு முனையில்தான் நடக்க வேண்டும் என்பது இங்கே வெறும் கொள்கையாக இல்லை, கைவலியாக இருக்கிறது.

இனி நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 1986 அக்டோபர். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் 400 கஜ தூரம், நடந்தே போய்விடலாம். அந்த இரண்டுக்கும் நடுவே நொடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்த தரவு, நொடிக்கு 40 பிட்டாக வீழ்ந்தது. எண்ணூறில் ஒரு பங்கு. எந்தக் கம்பியும் அறுந்து போகவில்லை. எந்தக் கணினியும் விதியை மீறவில்லை.

நடந்தது இதுதான். அன்றைய டிசிபி, இணைப்பு கிடைத்த மாத்திரத்தில், எதிர்முனை அனுமதித்த அளவு முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். வேகமான உள்வலையமைப்பிலிருந்து மெதுவான வெளி இணைப்புக்குப் போகும் வாசலில் வரிசை நிரம்பும். நிரம்பி வழிந்தவை தொலையும். வரிசையில் உயிரோடு காத்திருப்பவையும் வந்து சேரத் தாமதமாகும். அனுப்பியவரோ அவையும் தொலைந்தன என்று நினைத்து இன்னொரு படியை அனுப்புவார். தீபாவளி இரவில் பெருங்களத்தூரில் பேருந்து நகராமல் நிற்கிறது என்பதற்காக, அதே பயணிகளை ஏற்றிவர இன்னொரு பேருந்தைப் பேருந்து நிலையத்திலிருந்து அனுப்புவதற்கு இது சமம். சாலை நிறைய வண்டிகள். ஊர் போய்ச் சேர்ந்தவர் ஒருவருமில்லை. இப்படி நேரும் என்று ஜான் நேகல் 1984 ஜனவரியிலேயே 896ஆம் ஆவணத்தில் எச்சரித்திருந்தார். ஆவணம் எல்லோருக்கும் திறந்தே இருந்தது.

டிரேஸ்ரூட்டை எழுதிய அதே ஜேக்கப்சனும் பெர்க்லி யுனிக்ஸைக் கவனித்துவந்த மைக் கேரல்ஸும் இதைத் துருவத் தொடங்கினார்கள். பெர்க்லியின் டிசிபி தவறாக நடக்கிறதா, மோசமான வலையமைப்பிலும் அதை இன்னும் நன்றாக நடக்க வைக்க முடியுமா என்பவை அவர்களின் கேள்விகள். இரண்டுக்கும் விடை 'ஆம்' என்று வந்தது. 1988இல் வெளியான கட்டுரையில் உள்ள வரைபடங்களைப் பாருங்கள். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் வரிசை எண், ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு புள்ளி. ஒரே வரிசை எண் மறுபடி மறுபடி அனுப்பப்படுவது, புள்ளிகள் மேலேறிவிட்டுத் திரும்பக் கீழே விழுவதாகத் தெரியும். பாக்கெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் கண்டுபிடித்த மருந்து இது என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

மருந்து எளிமையானது. முதலில் ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பு. 'வந்தது' என்ற ஒப்புகை திரும்பினால் இரண்டு. அவற்றுக்கும் ஒப்புகை வந்தால் நான்கு. இழப்பு நேர்ந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டென்று குறை. பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று ஒன்றாக நிதானமாக ஏற்று. காத்திருக்கும் நேரத்தை, பாக்கெட் போய்வரும் நேரத்தின் சராசரியை மட்டும் வைத்துக் கணக்கிடாமல் அது எவ்வளவு முன்பின்னாக ஊசலாடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடு. இப்படி ஏழு வழிமுறைகளை பெர்க்லி டிசிபியில் சேர்த்தார்கள். ஒரு ரவுட்டரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. முனைகளில் இருந்த மென்பொருளைப் புதுப்பித்தார்கள், வலையமைப்பு மூச்சுவிட்டது. பொறுப்பை முனையில் வைத்ததன் பலன் இங்கே கைமேல் கிடைத்தது. உங்கள் கைபேசியில் படம் தரவிறங்கும்போது வேகம் மெல்ல ஏறிச் சட்டென்று இறங்கி மறுபடி ஏறுவதைப் பார்த்தால், இந்தச் சிந்தனையின் வழித்தோன்றல்களைத்தான் பார்க்கிறீர்கள்.

அதே காலத்தில், அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், ஜேக்கப்சன், சாலி ஃபிளாய்ட், வெர்ன் பாக்ஸன், ஸ்டீவன் மெக்கான் ஆகியோர் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் என்ற நிரலை எழுதினார்கள். அதிலிருந்து பிரிந்து வந்த நூலகம்தான் லிப்பிகேப். அதன்மேல் நின்றுதான் ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள், 2006இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறி, இன்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த நெருக்கடியைத் தீர்த்த கைகளிலிருந்தே நேராக வந்த சொத்து.

நம் ஊருக்கும் ஒரு கணக்குப் போடுவோம். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் 2002இல் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு வழிக்கு 16 மில்லிநொடி, போய்வர 32. சென்னையிலிருந்து அந்த வழியே சிங்கப்பூருக்கு பிங் அனுப்பினால், எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் 32க்குக் கீழே வராது. இயற்பியல் விதித்த எல்லை. அமெரிக்காவுக்கு 200 மில்லிநொடியைத் தாண்டும். டிசிபியின் பழைய வடிவில், ஒப்புகை வராமல் அனுப்பி வைக்கக்கூடிய உச்ச அளவு 65,535 பைட். தலைப்பகுதியில் அதற்கு ஒதுக்கிய இடம் 16 பிட் என்பதால் வந்த எல்லை. 200 மில்லிநொடிக்கு ஒருமுறை 65,535 பைட் என்றால் நொடிக்கு 26 லட்சம் பிட்தான். வீட்டில் நொடிக்கு 10 கோடி பிட் இணைப்பு வைத்திருந்தாலும் ஒரு டிசிபி இணைப்பு அதற்குமேல் நகராது. 1992இல் 1323ஆம் ஆவணம் அந்த எண்ணைப் பெருக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தந்தது. இணைப்பைத் தொடங்கும் முதல் இரண்டு பாக்கெட்டுகளில், சின், சின்-அக் இரண்டிலும், அந்தப் பெருக்கல் எண் இருப்பதை நீங்களே பார்க்கலாம். இரு பக்கமும் அதைச் சொன்னால்தான் நடப்புக்கு வரும். இந்த ஒரு வகுத்தலைப் போடத் தெரிந்தவர், "இணையம் மெதுவாக இருக்கிறது" என்ற புகாரைக் கேட்டதும் எங்கே பார்ப்பது என்று அறிவார்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பாக்கெட்டைப் படிப்பது நாளுக்கு நாள் கடினமாகிவருகிறது. இணையத்தை மொத்தமாகக் கண்காணிப்பதே ஒரு தாக்குதல் என்று 2014 மேயில் 7258ஆம் ஆவணம் அறிவித்தது. இப்போது பெரும்பாலான வலைத்தளங்கள் குறியாக்கம் செய்தே பேசுகின்றன. 2021இல் தரநிலையான குவிக் நெறிமுறை ஒரு படி மேலே போய், ஒப்புகைகளையும் பாக்கெட் எண்களையும்கூட மூடி வைக்கிறது. சரியான முடிவு என்றே கருதுகிறேன். நம் கடிதத்தை வழியில் இருப்பவர் படிக்கக் கூடாது. மாணவரும் படிக்கக் கூடாது. அடுத்தவரின் தரவுப் போக்குவரத்தை அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள். தன் கணினியின் தரவை ஒருவர் படிக்கத் தடையில்லை. உலாவி தன் மறைச்சாவிகளை ஒரு கோப்பில் எழுதித் தரும். அதை வயர்ஷார்க்கிடம் கொடுத்தால் மூடியது திறக்கும். பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி, ரவுட்டரின் முகவரியைத் தேடும் ஏஆர்பி, பிங் இவையெல்லாம் பெரும்பாலும் இன்னும் திறந்தே இருக்கின்றன. தொடங்குவதற்கு அவை போதும்.

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கில ஆவணம் என்றதும் பின்வாங்குவதைப் பார்க்கிறேன். 791ஆம் ஆவணத்தில் அந்த 20 பைட்டைக் காட்டும் கட்டம் ஒரே பக்கம். அதில் ஆங்கிலம் குறைவு, எண்கள் அதிகம். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டே முதல் பாக்கெட்டைப் படித்துக் காட்டினால், அடுத்ததை அவர்களே படிப்பார்கள். கண்டதைத் தமிழிலேயே ஆய்வேட்டில் எழுதட்டும்.

துறைத் தலைவர் இங்கே இருக்கிறார். அவரிடம் ஒரு வேண்டுகோள். வரும் பருவத் தேர்வில் அடுக்குகளின் படத்தை வரையச் சொல்லும் கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாக்கெட்டின் முதல் 34 பைட்டுகளை அப்படியே அச்சிட்டுக் கொடுங்கள். இது யாருக்குப் போகிறது, உள்ளே என்ன இருக்கிறது, இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்ட முடியும், சரிபார்ப்புத் தொகை சரிதானா என்று கேளுங்கள். ஆவணத்தைப் பார்த்து எழுதவும் அனுமதியுங்கள்; வேலையில் யாரும் பார்க்காமல் எழுதுவதில்லை. முதல் ஆண்டு மதிப்பெண் குறையலாம். விடைத்தாள்களைத் திருத்த ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.